இன்டர்னல் மார்க் என்னும் சாதிச் சாட்டை

பொத்தேரி ரயில் நிலையத்தில் ஒரு மாலை நின்று பாருங்கள். தாம்பரம் பக்கமும் செங்கல்பட்டு பக்கமும் போகும் ஒவ்வொரு ரயிலிலும் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பிள்ளைகள் பிதுங்குவார்கள். செமஸ்டர் முடியும் வாரங்களில் அவர்கள் கையில் கூடுதலாக ஒன்று இருக்கும். பிரவுன் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, கையெழுத்து வாங்கக் காத்திருக்கும் ரெக்கார்டு நோட்டு. ஜெராக்ஸ் கடைகளில் ஸ்பைரல் பைண்டிங்குக்கு வரிசை நிற்கும். "மேம் சைன் போட்டுட்டாங்களா?" என்பதுதான் அந்த வாரத்தின் ஒரே கேள்வி.

அந்த 'மேம்'களில் ஒருத்தி நான். பொத்தேரியில் வாடகைக்குக் குடியிருந்துகொண்டு, புறநகர் ரயிலில் போய்வரும் தூரத்தில் ஒரு கல்லூரியில் கணினிப் பாடங்களுக்கு ஒப்பந்த ஆசிரியையாக இருந்தேன். சி நிரலாக்கம், வலைத்தள வடிவமைப்பு, தரவுத்தள ஆய்வகம் என வேலைக்குப் போவதற்கான படிப்பு என்று சொல்லிப் பிள்ளைகளைச் சேர்க்கும் பாடங்கள்தான் எனக்கு. செங்கல்பட்டுப் பக்கத்துச் சேரியிலிருந்து வந்த முதல் பட்டதாரி நான். இதைச் சொல்வது பெருமைக்காக அல்ல. பின்னால் வரும் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள இது தேவைப்படுகிறது.

என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். சனி, ஞாயிறுகளில் கல்யாண மண்டபங்களில் கேட்டரிங் வேலைக்குப் போவான். திங்கட்கிழமை முதல் பீரியடில் பெரும்பாலும் இருக்க மாட்டான். மினி புராஜெக்டுக்கு, தன் அம்மா இருக்கும் மகளிர் சுயஉதவிக் குழுவின் கடன் கணக்கை எழுத ஒரு செயலியைப் பி.எச்.பி.யிலும் மைஎஸ்கியூஎல்லிலும் செய்திருந்தான். யார் எவ்வளவு வாங்கினார்கள், எந்தத் தவணை பாக்கி, வட்டி எவ்வளவு என எல்லாம் தமிழில் வரும். லேப்டாப் கடன் வாங்கியது. ரெக்கார்டு நோட்டில் எண்ணெய்க் கறை. வைவாவில் "பிரைமரி கீ என்றால் என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவன் தமிழில் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து, ஆங்கிலத்துக்கு மாறி, நடுவில் நின்றுபோனான்.

அதே நாளில் இன்னொரு மாணவனின் ஆன்லைன் ஷாப்பிங் தளத்தைப் பார்த்தேன். காசு கொடுத்து வாங்கிய புராஜெக்ட் என்பது எனக்கே தெரியும். எந்த வரி எதற்கு என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் தெரியாததையும் நிறுத்தாமல் ஆங்கிலத்தில் பேசினான். நோட்டு கண்ணாடி மாதிரி இருந்தது.

முதலாமவனுக்கு 25-க்கு 17 போட்டேன். இரண்டாமவனுக்கு 23.

செமஸ்டர் செய்முறைத் தேர்வுக்கு வேறு கல்லூரியிலிருந்து ஒருவர் வந்தார். அவருக்கு இருவரின் கதையும் தெரியாது. கணினியின் முன்னால் உட்காரவைத்து நிரலை எழுதச் சொன்னார், ஓடுகிறதா என்று பார்த்தார். கேட்டரிங் போகும் பிள்ளைக்கு வகுப்பிலேயே அதிக மதிப்பெண். மற்றவன் திணறித் தேறினான்.

ஒரு வாரம் கழித்து முதலாமவன் என்னிடம் வந்தான். சண்டை போட வரவில்லை. "மேம், இன்டர்னல்ல எதுல கொறஞ்சதுன்னு சொன்னா அடுத்த செமஸ்டர்ல சரி பண்ணிக்கிறேன் மேம்" என்றான். நான் மதிப்பெண் தாளை எடுத்துப் பார்த்தேன். அதில் 17 என்ற எண் இருந்தது. காரணம் எதுவும் இல்லை. எங்கேயும் எழுதப்படவில்லை. என் தலைக்குள் தேடினேன். அங்கே இருந்தவை எண்ணெய்க் கறையும் திங்கட்கிழமைகளும் தடுமாறிய ஆங்கிலமும்தான்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் அன்று சொல்லாத பதில்.

எண்ணுக்குப் பின்னால் இருக்கும் முகம்

பொதுத்தேர்வில் விடைத்தாளைத் திருத்துபவருக்கு மாணவரின் பெயர் தெரியாது. பதிவெண்ணைக்கூட மறைத்து டம்மி எண் போடுகிறார்கள். ஏன்? பெயர் தெரிந்தால் பேனா ஒரே மாதிரி ஓடாது என்று அரசுக்கே தெரியும் என்பதால்தான். ஆனால் இன்டர்னல் மதிப்பெண்ணில் பெயர் தெரியும், முகம் தெரியும், ஊர் தெரியும், எந்தத் தெரு என்றும் தெரியும். சாதி தெரியாதா? சேர்க்கைப் பட்டியலில் இனம் என்று ஒரு பத்தி இருக்கிறது. உதவித்தொகைப் படிவம் வரும்போது "எஸ்.சி. பசங்க எல்லாம் ஆபீசுக்குப் போங்க" என்று வகுப்பில் கூவுகிற பழக்கம் இன்னும் சாகவில்லை. நாங்குநேரி கொடூரத்துக்குப் பிறகு 2023-இல் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், பள்ளி வருகைப் பதிவேட்டில் சாதி விவரமே இருக்கக் கூடாது என்று பரிந்துரைக்க வேண்டியிருந்தது என்றால், நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த மதிப்பெண்ணின் அளவைப் பாருங்கள். நம் மாநிலப் பாலிடெக்னிக்குகளில் பல ஆண்டுகள் 100-இல் 25 இன்டர்னல். அதில் வருகைக்கு மட்டும் 5. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி இணைப்புக் கல்லூரிகளில் எழுத்துப் பாடத்துக்கு 40 இன்டர்னல், 60 செமஸ்டர் தேர்வு. ஆய்வகப் பாடத்துக்கு அப்படியே தலைகீழ்: 60 இன்டர்னல், 40 தேர்வு. கணினி சார்ந்த படிப்பில் ஆய்வகமும் புராஜெக்டும்தான் உயிர். அதாவது ஒரு பிள்ளையின் கைத்திறனை அளக்கும் இடத்தில், பாதிக்கு மேல் மதிப்பெண் நாள்தோறும் அவர் முகத்தைப் பார்க்கும் ஒருவரின் பேனாவில் இருக்கிறது.

உச்ச நீதிமன்றம் 1980-இல் அஜய் ஹாசியா வழக்கில் என்ன சொன்னது? ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கையில் எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண், நேர்முகத்துக்கு 50. ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று நிமிடக் கேள்வி. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை நேர்முகத்துக்குக் கொடுப்பது தன்னிச்சையானது, 15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்றது நீதிமன்றம். நேர்முகத்தை ஒலிப்பதிவு செய்வது நல்லது என்றும் சொன்னது. அது சேர்க்கைக்கான தீர்ப்பு, தொடர் மதிப்பீட்டுக்கானது அல்ல என்பது உண்மைதான். ஆனால் அதன் அடிப்படை எளிமையானது: கேட்பவரும் பதில் சொல்பவரும் மட்டும் இருக்கும் அறையில், தடயமே இல்லாமல் தரப்படும் மதிப்பெண் ஆபத்தானது. எங்கள் ஆய்வகங்களில் வைவா நடக்கும் நேரமும் அதே இரண்டு மூன்று நிமிடம்தான். தடயம்? பென்சிலில் எழுதிய ஒரு எண்.

இது ஒரு கல்லூரியின் கதை அல்ல

2007-இல் தில்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரி குறித்து சுகதேவ் தோரட் குழு அறிக்கை கொடுத்தது. பட்டியலின, பழங்குடி மாணவர்கள் அந்தக் குழுவிடம் அடுக்கிய புகார்களில் முக்கியமானது, செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் தங்களுக்கு நியாயம் கிடைப்பதில்லை என்பது. 2016-இல் ஜே.என்.யூ.வில் அப்துல் நஃபே குழு, எழுத்துத் தேர்வு மதிப்பெண்களையும் வாய்மொழித் தேர்வு மதிப்பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, வாய்மொழித் தேர்வின் எடையை 30-லிருந்து 15-ஆகக் குறைக்கச் சொன்னது. நடந்தது என்ன? பல்கலைக்கழக மானியக் குழுவின் புதிய விதியைக் காட்டி, எம்ஃபில், பிஎச்டி சேர்க்கையில் வாய்மொழித் தேர்வே எல்லாம் என்று ஆக்கினார்கள். வைவாவில் சமத்துவம் இல்லை என்று முகநூலில் எழுதிய சேலத்துப் பிள்ளை முத்துக்கிருஷ்ணன், சில நாட்களில், 2017 மார்ச் 13 அன்று, தில்லியில் உயிரற்றுக் கிடந்தார். அந்தப் பெயரை நாம் மறந்துவிடக் கூடாது.

ஆய்வுலகிலிருந்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இது நமக்கே கசப்பானது, அதனால்தான் சொல்ல வேண்டும். ரேமா ஹன்னா, லீ லிண்டன் என்ற இரு பொருளியலாளர்கள் இந்தியாவில் குழந்தைகளுக்கு ஒரு தேர்வு வைத்து, அந்த விடைத்தாள்களின் முகப்பில் சாதி உள்ளிட்ட விவரங்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் மாற்றி மாற்றி எழுதி ஆசிரியர்களிடம் கொடுத்தார்கள். 2012-இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஒடுக்கப்பட்ட சாதி என்று எழுதப்பட்ட தாள்களுக்குத் திட்டவிலக்கத்தில் 0.03 முதல் 0.08 வரை குறைவாக மதிப்பெண் விழுந்தது. சின்ன அளவுதான். ஆனால் தாளுக்குள் இருந்த விடையில் அதற்குக் காரணம் இல்லை. இன்னும் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. திருத்தத் தொடங்கும்போது, அளவுகோல் இன்னும் கையில் பிடிபடாத நேரத்தில், பாகுபாடு அதிகம். அதோடு, அந்தப் பாகுபாடு வெளிப்பட்டது ஒடுக்கப்பட்ட சாதி ஆசிரியர்களின் திருத்தத்தில். உயர்சாதி ஆசிரியர்களிடம் அந்த ஆய்வு அதைக் காணவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு அந்த 17 ஞாபகம் வந்தது. நான் அந்தப் பையனின் தெருவைப் போன்ற தெருவிலிருந்து வந்தவள். அவன் மேல் எனக்கு வெறுப்பு கிடையாது, பாசம்தான். ஆனாலும் என் பேனா குறைத்தது. 'நம்ம பசங்க இன்னும் ஒழுங்கா இருக்கணும்' என்ற கண்டிப்பு, எல்லார் முன்னாலும் பாரபட்சம் காட்டுவதாகத் தெரியக் கூடாது என்ற பயம், ஆங்கிலம் பேசினால் அறிவு என்று எனக்குள் ஊட்டப்பட்ட பொய், எல்லாம் சேர்ந்து குறைத்தன. பார்ப்பனியம் என்பது பூணூல் போட்டவர்களிடம் மட்டும் இருப்பதல்ல என்று மேடையில் பேசுகிறோம். மதிப்பெண் தாளில் அது நம் கையெழுத்தோடு இருக்கிறது. ஆக, 'நம்மவர் ஆசிரியராக வந்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்று நிம்மதியடைய முடியாது. நம்மவர்கள் ஆசிரியர்களாக வந்தே ஆக வேண்டும், அது உரிமை. ஆனால் மதிப்பெண்ணுக்கு நல்ல மனது போதாது. முறை வேண்டும்.

சுத்தம், வருகை, ஆங்கிலம்

இன்டர்னல் மதிப்பெண்ணை எதற்குக் கொடுக்கிறோம் என்று பிரித்துப் பாருங்கள். ரெக்கார்டின் சுத்தம்: தனி மேசை உள்ள வீட்டுக்குக் கிடைக்கும் மதிப்பெண். வருகை: வாரக்கடைசியில் பந்தி பரிமாறவோ இரவில் டெலிவரி வண்டி ஓட்டவோ தேவையில்லாத குடும்பத்துக்குக் கிடைக்கும் மதிப்பெண். சரளமான வைவா: ஆங்கிலப் பள்ளிக்குக் கட்டணம் கட்டிய அப்பாவுக்குக் கிடைக்கும் மதிப்பெண். புராஜெக்ட்: வாங்க முடிந்த காசுக்குக் கிடைக்கும் மதிப்பெண். நிரல் ஓடுகிறதா, பிழை வந்தால் கண்டுபிடிக்கத் தெரிகிறதா என்பதற்கு எவ்வளவு மிச்சம்? சாதியின் பெயரைச் சொல்லாமலே சாதி செய்கிற வேலையை இந்தப் பட்டியல் செய்துவிடுகிறது.

நிர்வாகம் நடக்கும் விதமும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். போர்ட்டல் நள்ளிரவோடு மூடும். மாலை ஆறு மணிக்கு எக்செல் தாளில் பாதிக் கட்டங்கள் காலி. ஒரு பேராசிரியர் சொல்வார்: "மேடம், எல்லாருக்கும் பொதுவா பதினெட்டு போட்டு, அப்புறம் முகத்தைப் பார்த்து ஏத்தி இறக்கிக்கலாம்." முகத்தைப் பார்த்து! நிர்வாகத்துக்கு வேண்டியவரின் பிள்ளைக்கு ஏறும். விடுதிச் சாப்பாட்டைப் பற்றிக் கேள்வி கேட்டவனுக்கு, ஏப்ரல் 14 அன்று அம்பேத்கர் படத்துக்கு மாலை போட அனுமதி கேட்டவளுக்கு இறங்கும். "இன்டர்னல்ல கை வச்சிருவேன்" என்ற ஒரு வரி போதும், ஒரு வகுப்பே வாய் மூடும். வளாகங்களில் மாணவர் அமைப்புகள் ஏன் வளரவில்லை என்று கேட்கிறோமே, இதுவும் ஒரு பதில். ரோகித் வெமுலாவின் தலைமுறை கேட்ட கேள்விகளை இந்தப் புறநகர் வளாகங்களில் கேட்க முடியாமல் பார்த்துக்கொள்வது தடியடி அல்ல, 20 மதிப்பெண்.

திருத்தும் எங்கள் நிலை என்ன? பதினோரு மாத ஒப்பந்தம், கோடையில் சம்பளம் இல்லை, எதிர்த்துப் பேசினால் அடுத்த ஆண்டு அழைப்பு வராது. இப்படிப்பட்டவரிடம் நேர்மையான மதிப்பெண்ணை மட்டும் எதிர்பார்ப்பது வசதியான எதிர்பார்ப்பு.

அப்படியானால் ஒழித்துவிடலாமா?

"இன்டர்னலே வேண்டாம், எல்லாவற்றையும் ஒரே பொதுத்தேர்வாக்கிவிடு, கணினியே திருத்தட்டும்" என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். அந்த வழியில் போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மூன்று மணி நேரத்தில் எல்லாவற்றையும் அளக்கிறேன் என்று வந்த நீட் யாரை வெளியே தள்ளியது என்பதை நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021-இல் நமக்கு எடுத்துச் சொல்லிவிட்டது. இயந்திரமும் நடுநிலை அல்ல. 2020-இல் கொரோனாவால் தேர்வு நடக்காதபோது, இங்கிலாந்தில் ஆசிரியர்கள் கொடுத்த மதிப்பீடுகளை ஒரு கணினிச் சூத்திரம் மாற்றியமைத்தது. ஏ-லெவல் மதிப்பீடுகளில் ஏறக்குறைய 40 சதவீதம் கீழே இறங்கின. பள்ளியின் பழைய தேர்ச்சி வரலாற்றை வைத்து இன்றைய பிள்ளையை அளந்தது அந்தச் சூத்திரம். மாணவர்கள் தெருவுக்கு வந்ததும் ஆகஸ்ட் 17 அன்று அரசு பின்வாங்கியது.

ஆறு மாதம் ஒரு பிள்ளை என்ன கட்டினான், எங்கே தடுக்கினான், எப்படி எழுந்தான் என்று பார்க்கும் மதிப்பீடு நமக்குத்தான் அதிகம் தேவை. கணக்குச் செயலி செய்த என் மாணவனின் திறமை மூன்று மணி நேர வினாத்தாளில் முழுதாகத் தெரியாது. நமக்கு வேண்டியது சாட்டையைப் பிடுங்கிவிட்டு அளவுகோலைக் கையில் கொடுப்பது.

அது ஒன்றும் முடியாத காரியம் அல்ல. அதே இங்கிலாந்தில் தொழிற்கல்விப் படிப்புகளில் ஆசிரியர் திருத்திய செய்முறை வேலைகளின் மாதிரியை இன்னொரு ஆசிரியர் சரிபார்க்க வேண்டும், பிறகு தேர்வு வாரியமும் மாதிரி கேட்டு வாங்கிப் பார்க்கும். பள்ளிப் பாடங்களில், வாரியத்துக்கு மதிப்பெண் போகும் முன்பே அதை மாணவரிடம் சொல்லி, மறுபரிசீலனை கேட்க வாய்ப்புத் தர வேண்டும். அவர்களை மெச்சுவதற்காக இதைச் சொல்லவில்லை, அங்கேயும் வர்க்கமும் நிறவெறியும் இருக்கின்றன. செய்ய முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நாம் கேட்க வேண்டியவை இவை. செமஸ்டரின் முதல் வாரமே, எதற்கு எத்தனை மதிப்பெண் என்ற பட்டியலைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒட்ட வேண்டும். அதில் ரெக்கார்டின் அழகுக்கு இடம் கூடாது, நிரலுக்கு இடம் வேண்டும். நிரல் கோப்புகளைப் பெயரில்லாமல் எண்ணோடு வாங்கித் திருத்த வேண்டும். கணினிப் படிப்பில் இதைவிட எளிய வேலை வேறில்லை. வைவாவை மாணவர் விரும்பும் மொழியில் நடத்தி ஒலிப்பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு வகுப்பிலும் சில புராஜெக்ட்களை இரண்டாவது ஆசிரியர் தனியாகத் திருத்திப் பார்க்க வேண்டும். போர்ட்டலில் ஏற்றும் முன் மதிப்பெண்ணும் காரணமும் மாணவர் கைக்கு வர வேண்டும். இன்டர்னலுக்கும் செமஸ்டர் தேர்வுக்கும் உள்ள இடைவெளியைச் சமூகப் பிரிவு வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பாகுபாடே இல்லை என்று சொல்லும் நிர்வாகங்கள் இதற்கு ஏன் பயப்பட வேண்டும்? திருத்துபவருக்குப் பணிப் பாதுகாப்பு வேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. 2011-இல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில், திருத்தப்பட்ட தன் விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பார்க்க மாணவருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசுக் கல்லூரியில், அரசுப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள் இந்த உரிமையைக் கையில் எடுங்கள். உயர்கல்வி நிறுவனங்களில் சமவாய்ப்பு மையமும் பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலரும் இருக்க வேண்டும் என்று 2012-இலேயே பல்கலைக்கழக மானியக் குழு விதி கொண்டுவந்தது. உங்கள் கல்லூரியில் அந்த அலுவலர் யார் என்று நாளைக்கே எழுத்தில் கேளுங்கள். தனியாகக் கேட்காதீர்கள், பத்துப் பேராகப் போங்கள். தனியாகப் போனால் அந்த மதிப்பெண்ணும் போகும்.

அந்த மாணவனுக்கு நான் அன்று சொன்ன பதில், "அடுத்த தடவை ரெக்கார்ட நீட்டா எழுதுப்பா" என்பதுதான். "சரி மேம்" என்று சொல்லிவிட்டுப் போனான். தன்னிடம்தான் குறை என்று நம்பிப் போனான். நான் குறைத்த மதிப்பெண்ணைவிட அதுதான் பெரிய அநியாயம்.

அடுத்த செமஸ்டரிலிருந்து நான் பெயர்களை மறைத்துத் திருத்தினேன். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு வரி காரணம் எழுதினேன். முதல் பத்துத் தாள்களைக் கடைசியில் மறுபடி எடுத்துப் பார்த்தேன். வேலை இரட்டிப்பானது, போர்ட்டல் மூடும் நாளில் திட்டும் வாங்கினேன். சில எண்களுக்குப் பக்கத்தில் எழுதக் காரணமே கிடைக்காமல் பேனா நின்றது. அந்த இடங்களில் எல்லாம் எண்ணை மாற்றினேன்.

தம்பி, தங்கைகளே, "எதுல கொறஞ்சது?" என்று கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை கேளுங்கள். பதில் சொல்ல முடியாத மதிப்பெண்ணுக்கு உங்கள் மேல் எந்த அதிகாரமும் இல்லை.